பதிவேட்டில் ஒளிந்திருக்கும் கட்டளை

களப்பணியாளர்கள் முன்னர் கைப்பட எழுதிவந்த பதிவேடுகள் பலவும் இன்று இணையத்தின் வழியே இயங்கும் செயலிகளாக மாறிவிட்டன. தடுப்பூசிக் கணக்கு, மாணவர் சேர்க்கை, பொதுமக்களின் குறை மனு ஆகியவை இப்போது கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ பதியப்படுகின்றன. ஓரிடத்தில் ஒருவர் எழுதுகிறார். சில வினாடிகளில் வேறோரிடத்தில் மற்றொருவர் அதனைப் படிக்கிறார். இம்முறையால் விளையும் நன்மைகள் பல என்பதை நாம் அறிவோம். ஆயினும், செயலி கவனக்குறைவாக அமைக்கப்பட்டிருப்பின், எழுதப்பட்ட செய்தி படிப்பவரின் திரையில் வெறும் செய்தியாக நில்லாது, கட்டளையாக மாறி இயங்கத் தொடங்கிவிடும். அக்கட்டளை எழுதியவரின் அதிகாரத்தைக் கொண்டு இயங்குவதில்லை. படிப்பவரின் அதிகாரத்தைக் கொண்டே இயங்கும். ஆகவே, தீங்கு நேர்ந்தபின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தால், ஒன்றும் அறியாத ஊழியரின் பெயரே அங்குக் காணப்படும்.

இக்குறைபாட்டை ஆங்கிலத்தில் 'கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்' என்று அழைப்பர், சுருக்கமாக 'எக்ஸ். எஸ். எஸ்.' என்பர். 2000-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் இப்பெயரை இட்டனர். அடுத்த மாதம் 2-ஆம் நாள், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செர்ட் மையம் இதைப் பற்றி எச்சரிக்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. கால் நூற்றாண்டுக் காலம் ஆகியும் இக்குறைபாடு ஒழிந்தபாடில்லை. மைட்டர் என்னும் அமெரிக்க நிறுவனம் 2024-இல் வெளியிட்ட, மிகவும் ஆபத்தான 25 மென்பொருட் குறைபாடுகளின் பட்டியலில் இதுவே முதலிடம் பெற்றது. நோயும் பழையது, மருந்தும் தெரிந்ததே. அங்ஙனமாயின் இது ஏன் நீடிக்கிறது? இவ்வினாவிற்கு விடை காண, முதலில் இது எவ்வாறு தோன்றுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

எழுத்தும் கட்டளையும்

நாம் திரையில் காணும் பக்கங்கள் 'எச். டி. எம். எல்.' என்னும் குறிமொழியில் எழுதப்படுகின்றன. ஜெனீவா நகருக்கருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் சுமார் 1990-இல் இதனை உருவாக்கினார். இம்மொழியில், படிப்பதற்குரிய சொற்களும், அச்சொற்களை எவ்வாறு காட்டவேண்டும் என்று கூறும் குறிப்புகளும் ஒரே தாளில் கலந்து நிற்கின்றன. குறிப்புகளைப் பிரித்துக் காட்டுவன இரண்டே அடையாளங்கள்: தொடக்கத்தில் < என்பதும், முடிவில் > என்பதும் ஆகும். கணக்குப் பாடத்தில் 'சிறிது', 'பெரிது' என்று நாம் பயன்படுத்தும் அதே குறிகள்தாம் இவை.

1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெண்டன் ஐக் என்பவர் 'ஜாவாஸ்கிரிப்ட்' என்னும் கட்டளைமொழியை அமைத்தார். அதன்பின், பக்கத்தினுள்ளே கட்டளைகளையும் எழுதி வைக்கலாம் என்றாயிற்று. பக்கத்தைத் திறந்ததும் உலாவி அக்கட்டளைகளைத் தானே நிறைவேற்றும். அதே ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. அதனை முதலில் பெற்ற நகரங்களுள் மும்பையும் ஒன்றாகும்.

இங்கே நாம் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒரு பக்கம் உலாவிக்கு வந்து சேரும்போது, அதன் எந்தப் பகுதியைச் செயலியை அமைத்தவர் எழுதினார், எந்தப் பகுதியை வெளியார் எழுதினர் என்று உலாவி அறியாது. பக்கம் முழுவதும் ஒரே முகவரியிலிருந்து வந்ததால், முழுவதையும் அது ஒன்றுபோல் நம்புகிறது. முத்திரையிட்ட உறையில் வந்த தாள்கள் அனைத்தையும் அலுவலகத்தின் உத்தரவென்றே கொள்ளும் பணியாளை இதற்கு உவமை கூறலாம். அவ்வுறையில் வெளியார் எழுதிய ஒரு சீட்டும் சேர்ந்திருந்தால், அதனையும் அவன் உத்தரவாகவே நிறைவேற்றுவான்.

ஒரு பதிவின் பயணம்

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இது விளக்கத்தின் பொருட்டு அமைத்த கற்பனையே. எந்த அலுவலகத்தையும் குறிப்பதன்று.

மும்பை மாநகராட்சியின் நிர்வாகப் பிரிவுகளில் தாராவி 'ஜி வடக்கு' வட்டத்திலும், மாட்டுங்கா 'எஃப் வடக்கு' வட்டத்திலும், செம்பூர் 'எம் மேற்கு' வட்டத்திலும் அமைந்துள்ளன. இம்மூன்று வட்டங்களுக்கும் பொதுவாகத் தடுப்பூசி முகாமுக்குரிய செயலி ஒன்று இயங்குகிறது என்று கொள்வோம். தாராவியில் குடியிருப்போர் தம் குழந்தையின் பெயர், வயது, முகவரி ஆகியவற்றைத் தாமே பதியலாம். 'பிற குறிப்பு' என்று ஒரு கட்டமும் அதில் உண்டு. மாட்டுங்காவில் உள்ள ஊழியர் நாள்தோறும் காலையில் பட்டியலைத் திறந்து பார்க்கிறார். செம்பூரில் உள்ள அலுவலருக்குப் பட்டியல் முழுவதையும் இறக்கிக்கொள்ளவும், பதிவுகளை அழிக்கவும், புதிய ஊழியர்களுக்கு அனுமதி வழங்கவும் அதிகாரம் உண்டு.

தீய எண்ணமுடைய ஒருவன் 'பிற குறிப்பு' என்னும் கட்டத்தில், குறிப்புக்குப் பதிலாக, மேற்கூறிய இரு அடையாளங்களுக்கிடையே ஒரு கட்டளைத் தொடரை எழுதி அனுப்புகிறான். செயலி அதனை அப்படியே சேமிப்பில் வைக்கிறது. அந்நேரத்தில் எத்தீங்கும் நிகழ்வதில்லை. சேமிப்பில் அது வெறும் எழுத்துகளின் வரிசையே. இரண்டு நாள் கழித்து மாட்டுங்கா ஊழியர் பட்டியலைத் திறக்கிறார். செயலி அவ்வரிசையை மாற்றமின்றிப் பக்கத்தினுள் பதித்து அனுப்புகிறது. உலாவி அதனைக் கட்டளை என்று கொண்டு நிறைவேற்றுகிறது. ஊழியர் எந்த இணைப்பையும் சொடுக்கவில்லை. எந்தக் கோப்பையும் திறக்கவில்லை. தம் அன்றாடப் பணியைத்தான் செய்தார். பின்னர் செம்பூர் அலுவலர் அதே பட்டியலைத் திறக்கும்போது, அவருடைய பெரிய அதிகாரத்தைக் கொண்டு அதே கட்டளை மறுபடியும் இயங்குகிறது. அவர் கணக்கின் வழியே பட்டியல் முழுவதும் வெளியே அனுப்பப்படலாம். புதிய ஊழியர் என்ற பெயரில் ஓர் அந்நியனுக்கு அனுமதி வழங்கப்படலாம்.

இக்குறைபாட்டில் மூன்று வகைகள் உண்டு. தீய கட்டளை ஓர் இணைப்பின் முகவரியிலேயே அடங்கியிருந்து, அதைச் சொடுக்கியவருக்கு மட்டும் எதிரொலித்துத் திரும்புவது ஒரு வகை. பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் கட்டளைகளின் பிழையால் உலாவியினுள்ளேயே தோன்றுவது மற்றொரு வகை. நாம் மேலே கண்டது மூன்றாவதான சேமிப்பு வகை. முதல் வகையில் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஏமாற்றிச் சொடுக்கச் செய்தல் வேண்டும். சேமிப்பு வகையில் அத்தேவை இல்லை. ஒருமுறை எழுதிவிட்டால் போதும். அப்பக்கத்தைத் திறப்போர் அனைவருக்கும் தீங்கு தானே வந்து சேரும். இதனாலேயே சேமிப்பு வகை மிகக் கொடியதெனக் கருதப்படுகிறது.

பூட்டை உடையாமலே நிகழும் தீங்கு

செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைந்துள்ளது. 1998-ஆம் ஆண்டு மே மாதத்தில் பொக்ரான் சோதனைகள் நடந்தபின், ஜூன் மாதத்தில், 'மில்வார்ம்' என்று தம்மை அழைத்துக்கொண்ட அயல்நாட்டு இளைஞர் சிலர் அம்மையத்தின் கணிப்பொறிகளுள் புகுந்து மின்னஞ்சல்களைக் கவர்ந்தனர். இணையப் பக்கத்தையும் மாற்றி எழுதினர். இது வெளியிலிருந்து உள்ளே ஊடுருவிய நிகழ்ச்சி. கணிப்பொறிக் குற்றம் என்றதும் நம்மில் பலருக்கு இத்தகைய ஊடுருவலே நினைவுக்கு வரும்.

சேமிப்பு வகைக் குறைபாட்டின் இயல்பு வேறு. இங்கே எவரும் பூட்டை உடைப்பதில்லை. எவருடைய கடவுச்சொல்லையும் திருடவேண்டியதில்லை. எழுதுமாறு செயலியே அழைத்த கட்டத்தில்தான் அவன் எழுதினான். நாம் ஒரு செயலிக்குள் கடவுச்சொல் கொடுத்து நுழைந்ததும், செயலி நம் உலாவிக்கு 'குக்கி' என்னும் அடையாளச் சீட்டைக் கொடுக்கிறது. அதன்பின் உலாவி அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளுடனும் அச்சீட்டும் உடன் செல்லும். பக்கத்தினுள் ஒளிந்திருந்த கட்டளை அனுப்பும் வேண்டுகோளுக்கும் அதே சீட்டு பொருந்திவிடுகிறது. ஆகையால் செயலியின் கண்ணுக்கு அது ஊழியரே செய்த செயலாகத் தோன்றும். வருகைப் பதிவிலும் அவ்வாறே எழுதப்படும்.

இவ்வுண்மையை மேலதிகாரிகள் நன்கு உணர்தல் வேண்டும். ஓர் ஊழியரின் கணக்கின் வழியே பட்டியல் கசிந்தது என்பது, அவரே அதைக் கசியவிட்டார் என்பதற்குப் போதிய சான்றாகாது. அவர் அந்நேரத்தில் எந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார், அப்பக்கத்தில் வெளியார் எழுதிய பகுதி எது என்பவற்றை ஆராய்ந்த பின்னரே முடிவு கூறல் முறையாகும்.

நடந்த நிகழ்ச்சிகள் சில

இக்குறைபாட்டின் ஆற்றலை உலகறியச் செய்த நிகழ்ச்சி 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் தொடங்கியது. அமெரிக்காவில் 'மைஸ்பேஸ்' என்னும் நட்புத் தளத்தில், சாமி கம்கார் என்ற 19 வயது இளைஞர் தம் விவரப் பக்கத்தில் ஒரு கட்டளைத் தொடரை எழுதி வைத்தார். அப்பக்கத்தைக் காண்பவர் எவராயினும், அவர் கணக்கிலிருந்து சாமிக்கு நட்பு வேண்டுகோள் தானே செல்லும். அவருடைய பக்கத்திலும் அக்கட்டளை தன்னைப் படியெடுத்துக்கொள்ளும். ஒருவர் இருவராய், இருவர் நால்வராய்ப் பெருகி, 20 மணி நேரத்திற்குள் 10 லட்சத்திற்கு மேற்பட்டோர் கணக்குகளை அது தொட்டுவிட்டது. 2007 ஜனவரியில் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 90 நாள் சமூகத் தொண்டும் தண்டனையாக விதிக்கப்பட்டன.

இந்நிகழ்ச்சியில் நாம் கற்கவேண்டிய பாடம் வேறொன்று. மைஸ்பேஸ் முற்றிலும் பாதுகாப்பின்றி இருக்கவில்லை. 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல் எங்கு வந்தாலும் அதனை நீக்கிவிடும் சல்லடை ஒன்று அங்கு இருந்தது. சாமி அச்சொல்லை 'ஜாவா' என்றும் 'ஸ்கிரிப்ட்' என்றும் இரண்டு வரிகளாகப் பிரித்து எழுதினார். சல்லடை அதனை அடையாளம் காணவில்லை. ஆனால் அந்நாளைய உலாவிகள் சில இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொண்டன. தீய சொற்களின் பட்டியலை வைத்துத் தடுப்பது எவ்வளவு பலவீனமானது என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டினருக்கு நெருக்கமானது 'ஆர்க்குட்' தளத்தில் நிகழ்ந்தது. கூகிள் நிறுவனம் 2004 ஜனவரியில் தொடங்கிய இத்தளம், பிரேசிலிலும் இந்தியாவிலுமே மிகுதியாகப் பயன்பட்டது. 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அதில் ஒருவர் மற்றவருக்குச் சிறு குறிப்பு எழுதி வைக்கலாம். 2007 டிசம்பரில் போர்த்துகீசிய மொழியில் புத்தாண்டு வாழ்த்துப் போன்ற ஒரு குறிப்பு பரவியது. அதனைப் படித்த அளவிலேயே, படித்தவரின் நண்பர்கள் அனைவருக்கும் அதே குறிப்பு அவர் பெயரால் சென்றது. லட்சக்கணக்கானோர் இதற்கு ஆளாயினர். 2010 செப்டம்பர் 25, சனிக்கிழமையன்று, 'நல்ல சனிக்கிழமை' என்று பொருள்படும் 'போம் சாபாடோ' என்னும் குறிப்பு இதே முறையில் மீண்டும் பரவியது. வாழ்த்து அனுப்பியவரோ பெற்றவரோ இதில் எத்தவறும் செய்யவில்லை.

அதற்கு நான்கு நாள் முன்னர், 2010 செப்டம்பர் 21 அன்று, 'டுவிட்டர்' தளத்திலும் இத்தகைய இடர் நேர்ந்தது. ஒரு செய்தியின் மேல் சுட்டியை நகர்த்திய அளவிலேயே கட்டளை இயங்கிற்று. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் கார்டன் பிரவுனின் துணைவியார் கணக்கும் இதற்குத் தப்பவில்லை. இங்கே < என்னும் குறியே தேவைப்படவில்லை. இணைப்பின் முகவரியில் வந்த இரட்டை மேற்கோள் குறி ஒன்றே வழி திறந்துவிட்டது. இக்குறைபாட்டை முந்தைய மாதமே திருத்தியிருந்ததாகவும், பின்னர்ச் செய்த மாற்றம் ஒன்றினால் அது அறியாமல் திரும்ப வந்துவிட்டதாகவும் அந்நிறுவனம் தெரிவித்தது. ஒருமுறை திருத்தியது போதாது. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் மீண்டும் சோதித்தல் வேண்டும் என்பது இதன் படிப்பினை.

நோயினும் கொடிய மருந்து

குறைபாட்டைக் கேள்வியுற்றதும் சில அலுவலகங்களில் உடனே செய்யும் பரிகாரம் ஒன்றுண்டு: 'ஐயத்திற்குரிய குறிகள் எவையும் வரலாகாது, ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே ஏற்கப்படும்' என்று விதி செய்துவிடுவர். இதனால் விளையும் இன்னல்கள் சிறியன அல்ல.

முதலாவது, தமிழில் பெயர் எழுத இயலாது போகும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். மராத்தியோ உருதுவோ எழுதுவோர்க்கும் இதே தடைதான். இத்தனைக்கும் தமிழ் எழுத்துகளால் இங்கே எவ்வித ஆபத்தும் இல்லை. உலாவி கட்டளைக் குறியாகக் கொள்ளும் அடையாளங்கள் யாவும் 'ஆஸ்கி' எனப்படும் பழைய 128 இடங்களுக்குள் அடங்குவன. யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளுக்கு முற்றிலும் வேறான இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

இரண்டாவது, மும்பையில் டி'சூசா, டி'மெல்லோ, டி'குன்ஹா போன்ற குடிப்பெயர்கள் பெருவழக்கு. இவற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே ஒற்றை மேற்கோள் குறி வரும். அக்குறியைத் தடைசெய்யும் செயலியில் அக்குழந்தைகளின் பெயரைச் சரியாகப் பதியவே இயலாது. பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமும் தடுப்பூசி அட்டையில் வேறு விதமுமாகப் பெயர் அமைந்தால், பிற்காலத்தில் எத்தனை அலைச்சல் என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர்.

மூன்றாவது, கணக்காசிரியர் ஒருவர் வினாத்தாளைப் பதிகிறார் என்று கொள்வோம். 'ஏ' என்னும் எழுத்து 'பி' என்னும் எழுத்தைவிடச் சிறியது என்பதை, ஆங்கில எழுத்துகளுக்கிடையே < குறியிட்டு இடைவெளியின்றி எழுதுகிறார். குறியைத் தடைசெய்தால் பாடத்தையே எழுத முடியாது. தடையும் செய்யாமல் மாற்றும் செய்யாமல் விட்டால், அக்குறிக்குப் பின் ஆங்கில எழுத்து வருவதால் உலாவி அதனைக் கட்டளைக் குறிப்பின் தொடக்கமாகக் கொள்ளும். வினாவின் எஞ்சிய பகுதி திரையிலிருந்து மறையும். குறிக்குப் பின் இடைவெளியோ எண்ணோ தமிழெழுத்தோ வந்தால் அவ்வாறு நேர்வதில்லை. ஒரே குறி சில வேளை தோன்றுவதும் சில வேளை மறைவதும் ஏன் என்று வியப்போர்க்கு இதுவே விளக்கம்.

பழைய தமிழ் எழுத்துருக்களில் பதிந்த கோப்புகளிலும் இவ்விளைவைக் காணலாம். யூனிகோடு முறை பரவுமுன் பலரும் பயன்படுத்திய 'பாமினி' எழுத்துருவில், ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்கள் அமைந்திருக்கும். அதில் 'ஈ' என்னும் எழுத்து < குறியின் இடத்திலும், காற்புள்ளி > குறியின் இடத்திலும் உள்ளன. ஆகவே 'ஈரோடு' என்று எழுதிய பழைய பதிவை மாற்றமின்றிப் பக்கத்தில் இட்டால், உலாவி அதனை ஒரு கட்டளைக் குறிப்பு என்று எண்ணி, அடுத்த காற்புள்ளி வரை உள்ள சொற்களை விழுங்கிவிடும். எவ்விதத் தீய எண்ணமுமின்றி எழுதிய ஊர்ப்பெயரே இவ்வாறு மறையுமானால், குற்றம் எழுதியவருடையதோ எழுத்தினுடையதோ அன்று. எழுத்தைக் கட்டளையினின்று பிரித்தறியத் தவறிய செயலியினுடையதே என்பது தெளிவாகும்.

உரிய மருந்து

மருந்தின் தத்துவம் எளியது. எழுதியதை எழுதியவாறே சேமித்துவைக்க வேண்டும்; திரையில் காட்டும் வேளையில், கட்டளைக் குறியாகக் கொள்ளத்தக்க அடையாளங்களை, 'இது எழுத்தே, கட்டளையன்று' என்று உலாவிக்கு உணர்த்தும் மாற்றுவடிவில் எழுதி அனுப்ப வேண்டும். இதற்கு 'வெளியீட்டுக் குறியாக்கம்' என்று பெயர். மாற்றப்பட வேண்டிய அடையாளங்கள் முக்கியமாக ஐந்து:

1. & : 'மற்றும்' என்னும் பொருள் தரும் குறி
2. < : சிறிது என்னும் குறி
3. > : பெரிது என்னும் குறி
4. " : இரட்டை மேற்கோள்
5. ' : ஒற்றை மேற்கோள்

எடுத்துக்காட்டாக, < குறிக்குப் பதிலாக, & குறியும், 'எல்', 'டி' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளும், ஓர் அரைப்புள்ளியும் சேர்த்து எழுதப்படும். உலாவி அதனைக் கண்டதும் திரையில் < என்னும் உருவத்தை வரையுமேயன்றி, கட்டளையாகக் கொள்ளாது. படிப்பவர் கண்ணுக்கு எவ்வித வேறுபாடும் தோன்றாது. கணக்காசிரியரின் வினாவும், டி'சூசாவின் பெயரும், பழைய கோப்பிலுள்ள ஊர்ப்பெயரும் எழுத்துக் குறையாமல் தோன்றும். தீயோன் எழுதிய கட்டளைத் தொடரும் வெறும் எழுத்தாகத் தோன்றி, அனைவரும் அறியத் தன் வேடத்தை இழக்கும்.

இதனைச் சேமிக்கும்போதே ஏன் செய்யலாகாது என்று சிலர் வினவலாம். ஒரே பதிவு இன்று திரையில் தோன்றும். நாளை சான்றிதழில் அச்சாகும். மறுநாள் குறுஞ்செய்தியாகச் செல்லும். திரைக்குரிய மாற்றத்தைச் சேமிப்பிலேயே செய்துவிட்டால், அச்சிட்ட சான்றிதழில் பெயரின் நடுவே பொருளற்ற குறிகள் வந்து நிற்கும். மேலும், நுழைவாயிலில் மட்டும் சல்லடை வைத்தால், அதற்கு முன்பே சேமிப்பில் புகுந்துவிட்ட நஞ்சு அங்கேயே தங்கியிருக்கும். காட்டும் இடத்தில் மாற்றம் செய்தாலோ, புதிய பதிவுகளுடன் பழைய பதிவுகளும் ஒருசேரத் தீங்கற்றனவாகும். சேமிப்பு வகைக் குறைபாட்டிற்கு இம்முறையே உகந்தது என்பதற்கு இதுவே தலையாய காரணம்.

எனினும், காட்டும் இடத்திற்கேற்ப மாற்றமும் வேறுபடும் என்பதை மறத்தலாகாது. பக்கத்தின் உரைப்பகுதியில் வரும் சொல்லுக்கு ஒரு முறை. குறிப்புகளின் பண்புகளுக்குள் வரும் சொல்லுக்கு மேற்கோள் குறிகளையும் தவறாது மாற்றவேண்டிய முறை. கட்டளைத் தொடரின் நடுவே வரும் சொல்லுக்கு வேறொரு முறை. வெளியார் கொடுக்கும் இணைப்பு முகவரியாயின், குறிகளை மாற்றுவது மட்டும் போதாது, 'எச். டி. டி. பி.' அல்லது 'எச். டி. டி. பி. எஸ்.' என்று தொடங்குவனவற்றை மட்டுமே ஏற்கவேண்டும். தடித்த எழுத்து, பத்திப் பிரிவு முதலியவற்றை எழுதுவோர்க்கு அனுமதிக்க விரும்பும் செயலியில், தீயவற்றின் பட்டியலை வைத்து நீக்குவதைவிட, அனுமதிக்கத்தக்க சில குறிப்புகளின் பட்டியலை வைத்து மற்றவற்றை விலக்குவதே அறிவுடைமை. சாமி நிகழ்ச்சி நமக்குக் கற்பித்ததும் இதுவே.

இக்காலத்தில் செயலி அமைக்க உதவும் கருவித்தொகுதிகள் பலவும் வெளியீட்டுக் குறியாக்கத்தைத் தாமே செய்துவிடுகின்றன. 'ஜாங்கோ' என்னும் தொகுதி 2008-இல் வெளியான தன் 1.0 பதிப்பு முதலே அவ்வாறு செய்துவருகிறது. ஆயினும் அவசரத்தின்பொருட்டு அப்பாதுகாப்பை ஓரிடத்தில் நிறுத்திவைக்கவும் அத்தொகுதிகளில் வழியுண்டு. 'ஓரிடந்தானே' என்று விட்ட இடமே பெரும்பாலும் வாயிலாகி விடுகிறது. இந்நோய் இன்னும் ஒழியாமைக்கு இது ஒரு முக்கிய காரணம்: நூறு இடங்களில் செய்த மாற்றத்தை, நூற்றோராம் இடத்தில் மறந்தாலும் போதும்.

இரண்டாம் அரணாக உதவுவன இரண்டு. அடையாளச் சீட்டாகிய குக்கியைப் பக்கத்திலுள்ள கட்டளைகள் படிக்கவியலாதவாறு மறைத்துவைக்கும் ஏற்பாடு 2002-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் முதன்முதலாகப் புகுத்தப்பட்டது. எந்த இடத்திலிருந்து வரும் கட்டளைகளை மட்டும் இயக்கலாம் என்று செயலி உலாவிக்கு முன்கூட்டியே அறிவிக்கும் 'உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை' என்னும் ஏற்பாடு 2011-இல் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 4 உலாவியில் இடம்பெற்றது. இவை தீங்கைக் குறைக்கும். ஆனால் முதல் அரணுக்கு ஈடாகமாட்டா. குக்கியைத் திருட இயலாவிடினும், பக்கத்தினுள்ளிருந்தே வேண்டுகோள் அனுப்பும் ஆற்றல் தீய கட்டளைக்கு உண்டு என்பதை முன்னரே கண்டோம்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

செயலியைத் திருத்துவது பொறியியலாளரின் கடமை. ஆயினும் குறைபாட்டின் அறிகுறியை முதலில் காண்போர் அதனை நாள்தோறும் பயன்படுத்துவோரே ஆவர். அவர்கள் பின்வருவனவற்றைக் கவனித்தல் நன்று.

1. தாம் எழுதிய பெயரின் ஒரு பகுதி, அல்லது கணக்குக் குறிக்குப் பின்னுள்ள பகுதி, திரையில் மறைந்துவிட்டால், அதனைத் தட்டச்சுப் பிழை என்று விட்டுவிடாது, நாள், நேரம், பக்கம் ஆகியவற்றுடன் எழுத்து மூலம் மேலதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும்.

2. தாம் செய்யாத பதிவு தம் பெயரில் காணப்பட்டால், அஞ்சி மறைத்தலாகாது. உடனே தெரிவிப்பதே தமக்கும் அலுவலகத்திற்கும் பாதுகாப்பு. ஐயத்திற்குரிய பதிவை அழித்துவிடவும் கூடாது. விசாரணைக்கு அதுவே சான்று.

3. பணி முடிந்ததும் செயலியினின்று முறைப்படி வெளியேறுதல் வேண்டும். உயர் அதிகாரம் உடைய கணக்கை, அவ்வதிகாரம் தேவைப்படும் வேலைக்கு மட்டுமே பயன்படுத்தி, அன்றாடப் பட்டியலைப் படிக்கக் குறைந்த அதிகாரமுடைய வேறு கணக்கை வைத்துக்கொள்ளல் நலம்.

4. புதிய செயலியைப் பெற்றுக்கொள்ளும்போது, 'வெளியார் எழுதியது எந்தெந்தப் பக்கங்களில் தோன்றுகிறது? அங்கெல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டுள்ளதா?' என்ற இரு வினாக்களை அமைத்தவரிடம் கேட்டு, எழுத்து மூலம் விடை பெறல் வேண்டும்.

5. மாணவர்க்கு இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், வலையமைப்பில் இணையாத தனிக் கணிப்பொறியில், தாமே எழுதிய பக்கத்தைக் கொண்டே செய்து காட்டல் வேண்டும். பிறர் செயலியில் அனுமதியின்றிச் சோதிப்பது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகலாம். அச்சட்டத்தின் 66-ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறையும், 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது.

நம் நாட்டில் இத்தகைய இடர்களைக் கவனிக்கும் தேசிய அமைப்பு, 2004 ஜனவரியில் தொடங்கப்பட்ட 'செர்ட் இன்' ஆகும். 2022 ஏப்ரல் 28 அன்று அது வெளியிட்ட ஆணையின்படி, இணையத்தளத்தில் தீய கட்டளை புகுத்தப்பட்டமை போன்ற நிகழ்ச்சிகளை, அறிந்த 6 மணி நேரத்திற்குள் அதற்குத் தெரிவித்தல் வேண்டும். ஆறு மணி நேரம் என்பது நீண்ட பொழுதன்று. களத்தில் உள்ளவர் காலந் தாழ்த்தாது சொன்னால்தான் அலுவலகம் இக்கடமையை நிறைவேற்ற இயலும்.

பதிவேடு என்பது மக்கள் நம்பி ஒப்படைத்த செய்திகளின் தொகுப்பு. தாராவியின் ஒரு சிறு வீட்டில் வாழும் தாய், தன் குழந்தையின் பெயரையும் வயதையும் சொல்லும்போது, அது நாலு பேர் கையில் சிக்கும் என்று எண்ணிச் சொல்வதில்லை. அவள் தன் மொழியில், தன் பெயரைப் பிழையின்றி எழுதவும் வேண்டும். அவள் எழுதியது எவருக்கும் தீங்கிழைக்கும் கருவியாக மாறாமலும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. எழுதுவோரின் எழுத்தைத் தடுக்காமல், காட்டும் இடத்தில் கவனம் செலுத்தினால், இரண்டும் ஒருங்கே கைகூடும்.